ஒற்றைச் சாவிக் குடித்தனம்

அந்த வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். இது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து வருகிற பஸ் அது. அந்த வீட்டுக்கான நிறுத்தம் வந்ததும் முன்படி வழியாகப் பம்ப் அண்ணன் இறங்குவார். குடிநீர்த் துறையில் நிரந்தர இரவு ஷிப்ட். ஊர் தூங்கும்போது தொட்டிகளில் தண்ணீர் ஏற்றிவிட்டு வருகிற அரசாங்க ஆள். கண் சிவந்திருக்கும், வாய் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே காஜாக்கா சாவியை நீட்டியபடி நிற்பார். சீருடை தைக்கிற பட்டறையில் சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுவது, அதாவது காஜா எடுப்பது, அக்காவின் வேலை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன் இறங்க, அக்கா ஏற, நடுவில் சாவி கைமாறும். அண்ணன் உட்கார்ந்து வந்த ஜன்னலோர இருக்கையில் ஒரு பச்சை வயர்க்கூடை இருக்கும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அக்கா அங்கே உட்கார்வார். எவ்வளவு நெரிசலானாலும் அந்தக் கூடையை யாரும் நகர்த்தியதில்லை.

சாயங்காலம் இதே காட்சி தலைகீழாக நடக்கும். அக்கா இறங்குவார், அண்ணன் ஏறுவார், சாவி திரும்பி வரும், கூடை இருக்கையில் காத்திருக்கும்.

அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் குடும்பத்தின் எல்லாப் பேச்சும் முடிந்தாக வேண்டும்.

"அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"குழாயை நல்லா மூடினியா?"

"ஊருக்கே திறந்துவிடுறீங்க. வீட்ல ஒரு சொட்டு விழுந்தா மட்டும் உங்களுக்குத் தூக்கம் வராது."

கண்டக்டர் விசிலை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்பார். "குடும்பம் முடிஞ்சுதா? ஊதட்டுமா?"

"ஊது தம்பி, மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கறோம்" என்பார் அண்ணன். பஸ் சிரிக்கும். எனக்கு அந்த முன்படிக்கு எதிரே ஜன்னல் ஓரம். வேலைக்குப் போகும் வழியில் புத்தகம் பிரித்து வைத்திருப்பேன். அந்த நிறுத்தத்தில் மட்டும் ஒரு வரியும் ஓடாது.

அக்கா சமைத்து வைத்ததை அண்ணன் காலையில் சாப்பிட்டுத் தூங்குவார். மதியம் எழுந்து அவர் சமைத்து வைப்பதை அக்கா ராத்திரி சாப்பிடுவார். அண்ணனுக்கு விடுமுறை புதன், அக்காவுக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணன் உறங்க, அக்கா பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் கழுவுவார். புதன்கிழமை ராத்திரி மட்டும் அந்த அறையில் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகள்.

இருவரும் நாற்பது தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நாலு பேர் முன்னால் கைப்பிடித்ததோடு சரி. பதிவு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஒருவர் தூங்கினார், மற்றவர் காஜா எடுத்தார். "வர்ற புதன்கிழமை அரைநாள் லீவு போடுறேன்" என்று அக்கா சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன. வேலைக்குச் சேர்ந்த நாளில் அண்ணனின் பணிப்பதிவேட்டில் எழுதிய 'திருமணமாகாதவர்' அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தவும் பகலில்தான் போக வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியலில், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் பச்சைக்கூடை மட்டும் வந்தது, கூட வேலை பார்த்தவரின் மடியில். அக்கா சாவியை நீட்டியபடியே நின்றார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

பிறகுதான் ஓய்வூதிய விவகாரம் ஆரம்பித்தது.

பணியில் இருக்கும்போது அரசு ஊழியர் இறந்தால் அவர் மனைவிக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது கிடைத்தால் அக்காவுக்கு இந்த அறை, இந்த வேலை, இந்த பஸ். கிடைக்காவிட்டால் வேறு ஊரில் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு ஹால். காஜா வேலையில் வருகிற கூலிக்கு வாடகை தாங்காது. "எங்க அண்ணி நல்லவங்கதான். ஆனா நான் இருமினாக்கூட 'என்னாச்சு, எப்ப ஊருக்கு?'ன்னு கேப்பாங்க" என்றார் அக்கா நர்ஸம்மாவிடம். நர்ஸம்மா எங்கள் பஸ்ஸின் மூத்த பயணி. ஆஸ்பத்திரியில் அதட்டிப் பழகிய குரலோடே பஸ்ஸிலும் பேசுவார்.

பணிப்பதிவேட்டில் மனைவியே இல்லாத ஒருவருக்கு மனைவி வந்து மனுக் கொடுத்ததால் துறையிலிருந்து நேரில் விசாரிக்க ஒரு அம்மா வந்தார். கறாரான ஆள், ஆனால் கடுகடுப்பு இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரே கட்டில், ஒரே நாற்காலி. ஜன்னலில் கறுப்புத் திரை. அதன் விளிம்பு நெடுகப் பட்டன்கள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தெருவில் இறங்கி விசாரித்தார்.

எதிர்வீட்டு மீசைக்காரர்தான் முதலில் அகப்பட்டார். "அந்த மாடி ரூமா மேடம்? அங்க ரெண்டு வாடகை ஆளுங்க. பகலுக்கு ஒரு ஆம்பள, ராத்திரிக்கு ஒரு அம்மா. ஒரே ரூமை மாத்தி மாத்தி வச்சிருந்தாங்க. செலவை மிச்சம் பண்றாங்க, பாவம்னு நெனச்சேன்."

"ரெண்டு பேரையும் சேத்துப் பாத்ததே இல்லையா?"

"நான் நாள் முழுக்க வாசல்லதான் உக்காந்திருப்பேன். ஒருநாள்கூட இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொன்னார். வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பவர், வாடகை வங்கியில் போய்விடும். பம்ப் ஹவுஸ்காரர்கள், "வீட்ல பொண்டாட்டி இருக்கான்னு சொல்லுவாரு" என்றார்கள். அவர்களில் யாரும் இருவரையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

விசாரணை அம்மா அக்காவிடம் திரும்பி வந்தார். "இது நாங்க பாத்துப் போடுற தர்மம் இல்லம்மா. உங்க உரிமை. ஆனா உரிமைக்காரங்க நீங்கதான்னு நான் எழுதணுமே. சேந்து வாழ்ந்ததைக் கண்ணால பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

அக்கா யோசித்தாராம். "யாரும் இல்ல மேடம்."

"வெள்ளிக்கிழமை நான் அறிக்கை குடுக்கணும். அதுக்குள்ள யாராவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க."

மறுநாள் காலை, கூடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா இதையெல்லாம் நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"யாருமே பாக்கலைன்னா சொன்னீங்க? அப்ப நாங்கள்லாம் யாருக்கா? செவுத்துப் பல்லியா?"

"பஸ் ஸ்டாப்பெல்லாம் கணக்குல வருமா தம்பி? அவங்க குடும்பம் நடத்தினதைக் கேக்குறாங்க."

"நீங்க குடும்பம் நடத்தினதே இங்கதானே?"

அதற்குப் பிறகு பஸ்ஸில் அமைதி இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "நான் சொல்றேன் மேடம்கிட்ட" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர், "நீ போன வருஷம் வந்தவன், நான் அதுக்கு முன்னாலேருந்து பாக்குறேன்" என்றார். நர்ஸம்மா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"வீட்டுக்குள்ள நடக்கிறதை எவன் பாப்பான்? வாசல்ல நடக்கிறதைத்தான் பாக்க முடியும். உங்க வீட்டு வாசல் இந்தப் படிக்கட்டுதான். போனைப் போடுங்க."

அக்கா போனைப் போட்டார். நர்ஸம்மா அதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார்.

"பாத்தவங்க இருக்காங்க மேடம்" என்றார் அக்கா.

"நல்லதா போச்சு. எங்க இருக்காங்க?"

"பஸ்ல."

"பஸ்லயா? அங்க என்ன இவ்ளோ சத்தம்?"

"அவங்கதான் மேடம் அது."

"எத்தனை பேரு?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு நிக்க இடமில்ல மேடம்."

"வெள்ளிக்கிழமை காலைல ஸ்டாப்புக்கு வர்றேன்" என்று குரல் வந்தது.

அந்த வாரம் எங்கள் பஸ் ஒரு கல்யாண வீடுபோல இருந்தது. யார் என்ன சொல்வது என்று தினமும் ஒத்திகை. நர்ஸம்மா, "பாத்ததை மட்டும் சொல்லுங்க, கற்பனையைக் கலக்காதீங்க" என்று கண்டித்தார். ஒருவர் சாட்சி சொல்வதற்காகத் தலைமயிர்கூட வெட்டிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை இடி விழுந்தது. கண்டக்டரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் முதல் புது ஆள்.

"உங்க வாயிலதான் பாதி சாட்சியே இருக்கு" என்றார் நர்ஸம்மா.

"என் வாயை மாத்தலையே" என்றார் கண்டக்டர்.

வெள்ளிக்கிழமை ஒருவர்கூட மட்டம் போடவில்லை. உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் வராதவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினார். அக்காவுக்கு முந்தைய நிறுத்தத்தில் கோடு போட்ட சட்டையில் ஒருவர் ஏறி டிக்கெட் கேட்டார். காக்கி இல்லாததால் அது நம் கண்டக்டர் என்று புரியவே நேரம் பிடித்தது. "எனக்கு மதியம்தான் டூட்டி. பாருங்க, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துட்டு வர்றேன். இந்த வயசுல இது தேவையா எனக்கு?" என்றார்.

நிறுத்தம் வந்தது. அக்கா நின்றார். பக்கத்தில் விசாரணை அம்மா, கையில் ஃபைல். அவர்களுக்குப் பின்னால் சாவிக்காரர், நிறுத்தத்திலேயே சின்னப் பெட்டிக்கடை வைத்துச் சாவி வெட்டுகிறவர். கடையைப் பாதி மூடிவிட்டு அவரும் ஏறத் தயாராக இருந்தார்.

புது கண்டக்டர் நேரத்தில் கெட்டி. அக்கா ஏறினார், அம்மா ஒரு காலைப் படியில் வைத்தார், அவர் விசிலை ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தது. சாவிக்காரர் பின்னால் ஓடிவந்தார். அம்மாவின் மறுகால் இன்னும் ரோட்டில். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கத்தலுக்கு மேலே கோடு போட்ட சட்டைப்பையிலிருந்து ஒரு விசில் வெளியே வந்து நீளமாக ஊதியது. அந்த ஊதலை டிரைவருக்குத் தெரியும். பஸ் நின்றது.

"யாருய்யா ஊதினது?" என்றார் புது ஆள்.

"நான்தான் சார். கை பழக்கம்."

விசாரணை அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார். நிற்பவர்கள் நெருக்கித் தள்ளி வழிவிட்டார்கள். ஜன்னலோரத்தில் ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது. அண்ணன் போன பிறகும் பம்ப் ஹவுஸ் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் அந்த இடத்தை விட்டே உட்கார்ந்து வந்தார்கள். அக்காவுக்காக ஒரு பையோ குடையோ அங்கே வந்துகொண்டிருந்தது. அம்மா அதில் உட்காரப் போனார்.

"அங்க வேணாம் மேடம்" என்றது பஸ்.

பத்துப் பதினைந்து குரல், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒத்திகையில் இது இல்லவே இல்லை. அம்மா பாதி உட்கார்ந்த நிலையில் நின்றுவிட்டார். "ஏன்?"

"அது அண்ணன் சீட்டு" என்றார் போர்வைக்காரர்.

"உக்காருங்க மேடம்" என்றார் அக்கா. குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக்காரர் எழுந்துவிட்ட இடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஃபைலைத் திறந்தார். முதல் வரியை அப்போதே எழுதிவிட்டதைப் பார்த்தேன்.

பிறகு ஆளுக்கொன்று. குழாய் மூடியதைக் கேட்பது, அடுப்பு மேல் மூடி வைத்தது, மழை நாளில் அண்ணன் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போனது. அம்மா எழுதிக்கொண்டே வந்தார். ஆனால் முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது.

"இதெல்லாம் நல்ல சினேகிதங்ககூடச் செய்வாங்களே" என்றார்.

"சண்டை போட்டாங்க மேடம்" என்றார் கண்டக்டர்.

அம்மா நிமிர்ந்தார். "என்ன சண்டை?"

"ஒரு வாரம் பேச்சே கிடையாது. சாவியை மட்டும் இப்படி நீட்டுவாங்க, மூஞ்சிய அப்படித் திருப்பிக்கிட்டு. பஸ்ஸே எழவு வீடு மாதிரி இருந்துச்சு. அப்புறம் நான்தான் ரெண்டு பக்கமும் தூது போனேன். காலைல இவங்க பேசினதைச் சாயங்காலம் அவருகிட்ட சொல்றது, அவரு பேசினதை மறுநாள் இவங்ககிட்ட சொல்றது. டிக்கெட் குடுக்க எனக்கு நேரமே இல்ல."

"எதுக்கு சண்டை?"

"ஜன்னலுக்கு மேடம். பகல்ல தூங்க அவருக்கு இருட்டு வேணும். விடியக்காலைல சமைக்க இவங்களுக்கு வெளிச்சம் வேணும். அவரு பாட்டுக்கு ஒருநாள் கறுப்புத் துணியை ஆணியடிச்சு வச்சுட்டாரு. 'நான் என்ன குகையிலயா சமைக்கிறது'ன்னு இவங்க. 'நான் என்ன வெயில்லயா தூங்குறது'ன்னு அவரு. கடைசில இவங்கதான்..."

"பட்டன் வச்சாங்க" என்றார் விசாரணை அம்மா.

பேனா நின்றுவிட்டது. அந்த அறையில் பார்த்த திரை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஜன்னல் சட்டத்துல சுத்திப் பட்டன் அடிச்சு, துணில காஜா எடுத்தேன் மேடம். சமைக்கிறப்பக் கழட்டிடுவேன். கிளம்பும்போது ஒவ்வொண்ணா மாட்டிட்டு வந்துருவேன், அவரு வந்து படுக்க" என்றார்.

"இப்பவும் மாட்டியிருந்துச்சே?"

"கை பழக்கம்" என்றார் அக்கா.

அம்மா எங்கள் பக்கம் திரும்பி என்னைக் கேட்டார். "நீங்க தம்பி? நீங்களும் பாத்திருக்கீங்களா?"

"அது பேசாது மேடம். ஆனா ஒண்ணு விடாம பாக்கும்" என்றார் கண்டக்டர். நான் தலையாட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றார் கடைசியாக. "இத்தனை வருஷமா ஒரே சாவியா? இன்னொண்ணு வெட்டிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"டீ ஆறதுக்குள்ள வெட்டிடலாம் மேடம்" என்று படிக்கட்டுப் பக்கமிருந்து சாவிக்காரர் வந்தார். "நானும் அவருகிட்ட பல தடவை கேட்டேன். ஓசியிலயே வெட்டித் தர்றேன்னேன். கண்ணெதிரே கடையை வச்சுக்கிட்டு ஒத்தச் சாவியோட ஒரு ஆள் அலையறது என் தொழிலுக்கே கேவலம். கேக்கலையே."

"என்ன சொன்னாரு?"

"'ரெண்டு சாவி ஆயிட்டா நான் எதுக்குய்யா இந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடி வரணும்? அடுத்த பஸ்ல ஆடி அசைஞ்சு வருவேன். அவ முந்தின பஸ்ல போயிடுவா. உன் பொழைப்புக்காக என் பொழைப்பைக் கெடுக்காத'ன்னாரு."

அக்கா சாவிக்காரரையே பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"என்கிட்ட வேற மாதிரி சொன்னாரு" என்றார் மெல்ல.

"என்னன்னு?" என்றார் சாவிக்காரர்.

"நீங்க வெட்டுற சாவி எதுலயும் சேராதுன்னு."

சாவிக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து முதலில் சிரித்தது விசாரணை அம்மாதான். பிறகு மொத்த பஸ்ஸும். அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே திரும்பவும் சிரித்தார். "அடப்பாவி மனுஷா, இத்தனை நாள் என் பேரை இப்படியா கெடுத்து வச்சிருந்தே" என்று சாவிக்காரர் மேலே பார்த்துச் சொன்னார்.

கையெழுத்துப் போட எல்லோரும் முண்டியடித்தோம். பஸ் குலுங்கிய குலுங்கலில் பாதிக் கையெழுத்து கோடாகப் போனது. புது கண்டக்டரும் பேனாவுக்குக் கை நீட்டினார். "நீங்க என்ன பாத்தீங்க, இன்னிக்குத்தானே வந்தீங்க" என்று நர்ஸம்மா பறித்துக்கொண்டார். இந்தக் களேபரத்தில் விசாரணை அம்மா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தார்.

வெயில் காலம் தொடங்கும்போது ஆணை வந்தது. பட்டறை முகவரிக்குத்தான் வந்தது. வீட்டில் பகலில் யாரும் இல்லையே. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதை நர்ஸம்மா உரக்கப் படித்தார், முத்திரையின் நிறம் உட்பட. பழைய கண்டக்டர் எங்கள் தடத்துக்கே திரும்பியிருந்தார். ஒவ்வொரு வரிசையிலும் கைமாறிய காகிதம் பின்னாலிருந்து திரும்பி வரும்போது கொஞ்சம் கசங்கியிருந்தது.

அக்காவின் நிறுத்தம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

கண்டக்டர் விசிலோடு காத்திருந்தார். கீழே சாவிக்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து பஸ்ஸின் தகரத்தில் தட்டினார். "என்னம்மா, தூங்கிட்டீங்களா? உங்க ஸ்டாப்பு."

"தெரியும்ணே. இன்னிக்கு இறங்கலை." அக்கா கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினார். "பம்ப் ஹவுஸ் ஒண்ணு குடு தம்பி."

"அங்க யாரைப் பாக்கக்கா?"

"அந்த மோட்டாரைத்தான். இத்தனை வருஷமா ராத்திரியெல்லாம் அவரை வச்சிருந்த சக்களத்தி. ஒரு தடவைகூட அது மூஞ்சிய நான் பாத்ததில்ல. சேதியையும் சொல்லிட்டு வந்துடுறேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா பச்சைக்கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, அண்ணன் தினமும் பார்த்துக்கொண்டு போன பக்கத்துக்கு முகத்தைத் திருப்பினார். விசில் ஊதியது. எங்கள் எல்லோருக்கும் இறங்க வேண்டிய இடம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு யாருக்கும் வீட்டுக்குப் போக அவசரமில்லை.